ஆத்துல மணல் அள்ளினா பள்ளமாகும், அப்புறம் தண்ணி ஏன் கொறையுது?

மணல் அள்றதப் பத்தி பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சிதான். ஒரு கட்சி "மணல் கொள்ளை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடும், சரிப்பா அதனால என்ன ஆகுதுன்னு கேட்டா "இயற்கைய அழிக்கிறாங்க"ங்கறதத் தாண்டி ஒண்ணும் வராது. இன்னொரு கட்சி டீக்கடை பெஞ்சுல உக்காந்து நிதானமா ஒரு கேள்வி கேக்கும்: "ஏரியத் தூர் வாரினா நல்லதுங்கறீங்க, ஆத்துல வாரினா மட்டும் ஏன் கத்துறீங்க? பள்ளமானா தண்ணி கூடத்தானே நிக்கும்?"

உண்மையச் சொன்னா இது நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் தெரியாமத்தான் நம்மள்ல முக்கால்வாசிப் பேரு கோவமா பேசிட்டு எந்திரிச்சுப் போயிடறோம். அதனால கொள்ளை, கமிஷன், யாரு யாருக்குப் பங்குங்கறதெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வச்சிட்டு, ஆத்துல மணலுக்கு என்ன வேலை, அத எடுத்தா என்ன நடக்குதுங்கறத மட்டும் மொதல்ல பாப்போம். உதாரணத்துக்கு காவிரியும் கொள்ளிடமும், ஏன்னா அங்கதான் எல்லாமே கண்ணு முன்னாடி நடந்திருக்கு.

வாசல்ல கொட்டின லோடு

வீடு கட்டற இடத்துல மணல் லோடு வந்து எறங்கறத எல்லாரும் பாத்திருப்போம். லாரி வரும்போதே பின்பக்கக் கதவு இடுக்குல தண்ணி சொட்டிக்கிட்டே வரும், ரோட்டுல கோடு போட்ட மாதிரி ஈரம் இருக்கும். கொட்டினப்புறம் ரெண்டு நாள் வெயில்ல மேல வெள்ளையா காஞ்சு கெடக்கும், ஆனா கைய விட்டு ஒரு அடி நோண்டினா உள்ள குளுகுளுன்னு ஈரம். நாய் வந்து படுக்கறதே அதுக்குத்தான்.

ரெண்டாவது விஷயம், புள்ளைங்க அந்தக் குவியலோட அடியில ஒரு குழி நோண்டுவாங்க. குழி நோண்டினது கீழ, ஆனா சரியறது மேலேர்ந்து. ஒரு கை அள்ளினா மேல இருக்கறது சரிஞ்சு வந்து குழிய நெரப்பும், திரும்ப அள்ளினா இன்னும் மேலேர்ந்து சரியும், கடைசியில நோண்டாத உச்சியும் எறங்கிப் போயிருக்கும்.

மேல காஞ்சாலும் உள்ள தண்ணி இருக்கும், அடியில தோண்டினா மேல சரியும். இந்த ரெண்ட மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும், ஆத்துல நடக்கறது முக்காவாசி புரிஞ்சிடும்.

மணல் படுகைங்கறது ஒரு தொட்டி

மணல் துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. ஒரு பக்கெட் காஞ்ச மணல எடுத்து அதுல தண்ணி ஊத்திப் பாருங்க, பக்கெட்டுல மூணுல ஒரு பங்கு அளவுக்கு தண்ணி மாயமா உள்ள போயிடும், அப்பவும் மேல தண்ணி தெரியாது. அதுல கொஞ்சம் துகளோட ஒட்டிக்கிட்டு நிக்கும், மிச்சம் தானா வடிஞ்சு வெளிய வரும். இப்படித் தண்ணிய உள்ள வச்சிருந்து, கெணறோ போரோ போட்டா கொடுக்கக்கூடிய மண், மணல், பாறை அடுக்குக்குப் பேர்தான் நீர்த்தாங்கி. நம்ம ஆறுகள்ல இருக்கற பருமணல் நீர்த்தாங்கிகள்லயே முதல் தரம், சீக்கிரம் வாங்கிக்கும், சீக்கிரம் கொடுக்கும்.

கணக்கு போட்டுப் பாப்போம். நல்ல பருமணல்ல வடிஞ்சு வரக்கூடிய தண்ணி சுமாரா கால் பங்குன்னு வச்சுக்குங்க. ஒரு ஏக்கர் ஆத்துப் படுகையில ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணல் எடுத்தா அது கிட்டத்தட்ட 4,000 கன மீட்டர் மணல். அதுல நிக்கக்கூடிய தண்ணி 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்குல 80 லாரிக்கு மேல. இது ஒரு தடவைக்கு. வருஷத்துல எத்தன தடவ ஆத்துல தண்ணி வருதோ அத்தன தடவையும் நெரம்பக்கூடிய தொட்டி அது. அதுலயும் இந்தத் தொட்டிக்கு மூடி உண்டு, மேல காஞ்ச மணல் கெடக்கறதால கீழ இருக்கற தண்ணிய வெயில் குடிக்க முடியாது.

கோடையில ஆறு வறண்டு கெடக்கும்போது பொம்பளைங்க ஊத்துத் தோண்டி சொம்புல மொண்டு குடத்த நெரப்பறது இந்தத் தொட்டியிலேர்ந்துதான். பெரிய அளவுலயும் அதேதான் நடக்குது. திருச்சி பக்கம் காவிரி, கொள்ளிடத்துக்குள்ள நிக்கற ரவுண்டு ரவுண்டான கான்கிரீட் கெணறுகளப் பாலத்துல போகும்போது பாத்திருப்பீங்க, அதெல்லாம் மணலுக்குள்ள இருக்கற தண்ணிய எடுக்கற குடிநீர்க் கெணறுங்க. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே தண்ணி திருச்சி காவிரியிலேர்ந்துதான் போகுது. ஆக கரூர்லயோ திருச்சியிலயோ படுகைய நோண்டினா ராமநாதபுரத்துல கொடம் காலியாகலாம். இது மேடைப் பேச்சுக்காகச் சொல்றது இல்ல, குழாய் போட்டு இணைச்ச விஷயம்.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: ஆறுங்கறது மேல ஓடற தண்ணி மட்டும் கெடையாது, கீழ மணலுக்குள்ள ஒரு ஆறு நிக்குது, மணல எடுத்தா அந்தத் தொட்டியவே எடுத்துட்டுப் போறோம்.

அப்போ ஏரியத் தூர் வாரலாமா?

வாரலாம், வாரணும். ரெண்டும் வேற வேற. ஏரிக்கு ஒரு கரை இருக்கு, அது தண்ணிய மறிச்சு நிறுத்துது, அடியில சேர்றது வண்டல், களிமண்ணு மாதிரி நைஸானது, தண்ணிய லேசுல உள்ள விடாது. அந்த வண்டல எடுத்தா ஏரியோட கொள்ளளவு கூடும், எடுத்த வண்டல் வயலுக்கும் ஆகும்.

ஆத்துல குறுக்க மறிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, தரை கடல் பக்கமா சாஞ்சிருக்கு. முழுசா பள்ளமாக்கினா தண்ணி ஒரே வேகமா ஓடிடும். மணல் இருந்தாத்தான் அது அகலமா பரவி, தயங்கித் தயங்கிப் போய், போற வழியில கீழயும் ரெண்டு பக்கமும் எறங்கும். மணல முழுசா வழிச்செடுத்துட்டா அடியில இருக்கற களியோ பாறையோ வெளிய வந்துடும், சிமெண்ட் வாய்க்கால்ல ஓடற மாதிரி தண்ணி வழுக்கிட்டுப் போயிடும். அப்புறம் அந்தக் களித்தரையில சீமைக்கருவேலம் மொளைக்கறது தனிக் கதை.

"ஆனா குவாரி போட்ட பள்ளத்துல தண்ணி நிக்குதே, நானே பாத்தேன்"னு ஒருத்தர் சொல்வார். நிக்கும். அது புதுசா வந்த தண்ணி இல்லைங்க, பக்கத்துப் படுகையிலயும் கரையோரக் கெணத்துலயும் இருந்த தண்ணி கசிஞ்சு பள்ளத்துக்கு வந்து நிக்குது. மூடி போட்டு இருந்தத தொறந்து வெயில்ல வச்சாச்சு, ஆவியா போகும். இங்க நிலத்தடி நீர்மட்டம்னா என்னன்னு சொல்லிடறேன்: தோண்டிக்கிட்டே போனா எந்த ஆழத்துல மண்ணு முழுக்க தண்ணியா இருக்கோ அந்த மட்டம். ஆத்தங்கரை ஊர்கள்ல இந்த மட்டத்த ரொம்பவும் நிர்ணயிக்கறது ஆத்தோட தரைதான். ஆத்துத் தரை பத்தடி எறங்கினா, கரையில இருக்கற நெலத்தோட தண்ணி மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு வடியற மாதிரி ஆத்துப் பக்கமா வடிய ஆரம்பிக்கும். அதுவரைக்கும் கெணத்துக்குத் தண்ணி கொடுத்துட்டிருந்த ஆறு, கெணத்துலேர்ந்து தண்ணிய வாங்கிக்க ஆரம்பிக்குது. அதனாலதான் குவாரி வந்த ரெண்டு மூணு வருஷத்துல கரையோர விவசாயி மோட்டார எறக்கு எறக்குன்னு எறக்கறார், ஆத்தப் பாத்தா பள்ளத்துல தண்ணி பளபளங்குது. ஆடிப்பெருக்குக்குக் குளிக்க எறங்கறவங்க அந்தப் பள்ளத்துல மாட்டிக்கறது வேற.

ஒரு எடத்துல தோண்டினா ஊரெல்லாம் பள்ளமாகறது எப்படி

புள்ளைங்க நோண்டின குழி ஞாபகம் இருக்கா, அதேதான். ஓடற ஆத்துல ஒரு பெரிய பள்ளம் போட்டா, மேல் பக்கத்துலேர்ந்து வர்ற தண்ணி அந்தப் பள்ளத்தோட விளிம்புல திடீர்னு சரிவா விழும், விழும்போது வேகம் கூடும், விளிம்ப அரிக்கும். விளிம்பு பின்னாடி நகரும், அங்கயும் அதே சரிவு, அங்கயும் அரிக்கும். இப்படியே அரிப்பு தண்ணி வர்ற திசைய நோக்கி ஏறிக்கிட்டே போறதுக்குப் பேர் பின்னோக்கு அரிப்பு. பொக்லைன் நின்ன இடம் ஒண்ணு, பாதிக்கப்படற இடம் கிலோமீட்டர் கணக்குல மேல. "எங்க குவாரி பாலத்துலேர்ந்து தூரத்துலதானே இருக்கு"ன்னு சொல்றது இதனாலதான் முழுப் பதில் ஆகாது. பாலம், குடிநீர்க் கெணறு மாதிரி கட்டுமானத்துலேர்ந்து 500 மீட்டருக்குள்ள தோண்டக்கூடாதுன்னு தமிழ்நாட்டு விதியே இருக்கு, நல்ல விதிதான், ஆனா அரிப்பு 500 மீட்டர் அளந்து பாத்துட்டு நிக்காது.

கீழ்ப் பக்கம் வேற ஒண்ணு நடக்கும். ஆறு சும்மா தண்ணிய மட்டும் தூக்கிட்டுப் போறதில்ல, தன் வேகத்துக்குத் தகுந்த அளவு மணலையும் உருட்டிக்கிட்டே போகும். வழியில ஒரு பள்ளம் வந்தா தூக்கிட்டு வந்த மணல் அதுல விழுந்துடும். தண்ணி காலிக் கையோட வெளிய வரும், ஆனா சொமக்கற தெம்பு அப்படியே இருக்கு, அதனால அடுத்தாப்புல கெடைக்கற தரையையும் கரையையும் அரிச்சு எடுத்துக்கும். ஆத்தப் படிக்கிற ஆளுங்க இத பசித்த தண்ணிம்பாங்க. அணைக்கட்டுலேர்ந்து வெளிய வர்ற தெளிஞ்ச தண்ணியும் இதே ரகம்தான்.

சுருக்கமா, ஒரு பள்ளம் மேல் பக்கத்தையும் தின்னும், கீழ் பக்கத்தையும் தின்னும்.

2018 ஆகஸ்ட், திருச்சி

அந்த மாசம் மேட்டூர் நெரம்பி, கொள்ளிடத்துல செகண்டுக்கு சுமாரா 2 லட்சம் கன அடி தண்ணி வந்துச்சு. ஸ்ரீரங்கத்தையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைச்ச பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம், 1928ல கட்டினது, சில தூண்கள் சரிஞ்சு ஒரு பகுதி உடைஞ்சு விழுந்துச்சு. பக்கத்துலயே புதுப் பாலம் வந்து போக்குவரத்து ஏற்கனவே அங்க மாறியிருந்ததால உயிர்ச்சேதம் இல்ல. அதுக்குச் சில நாள்லயே, ஆகஸ்ட் 22 ராத்திரி, காவிரியிலேர்ந்து கொள்ளிடம் பிரியற முக்கொம்பு மேலணையில 45 மதகுல 9 மதகு அடிச்சுட்டுப் போச்சு. வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836ல கட்டின அணை அது.

அரசாங்கம் சொன்னது: பழைய கட்டுமானம், பெரிய வெள்ளம். விவசாயிங்க சொன்னது: கொள்ளிடத்துல வருஷக்கணக்கா மணல் அள்ளினதால அஸ்திவாரத்துக்கு அடியில புடிமானம் போச்சு. என்னைக் கேட்டா ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தறதே தப்பு. 90 வருஷத் தூணும் 182 வருஷ மதகும் அதுக்கு முன்னாடியும் பெரிய வெள்ளங்களப் பாத்தவைதான். ஒரு தூண் நிக்கிறது அத சுத்தி இருக்கற மணலோட புடியில, தரை எறங்கினா தூணோட வேர் வெளிய தெரியும், அப்புறம் வெள்ளம் வந்தா தூணச் சுத்திச் சுழிச்சு இன்னும் பறிக்கும். வயசும் வெள்ளமும் கடைசித் தள்ளு கொடுத்திருக்கலாம், அதுக்கு எடம் பண்ணிக் கொடுத்தது எறங்கின தரை. மணல் மட்டுமேதான் காரணம்னு அடிச்சுச் சொல்றதும் சரியில்ல, மணலுக்குச் சம்பந்தமே இல்லன்னு கைய உதர்றதும் சரியில்ல.

வெளிநாட்டுலயும் இது நடந்திருக்கு. போர்ச்சுகல்ல டூரோ ஆத்துப் பாலம் 2001 மார்ச்சுல ராத்திரி நேரத்துல இடிஞ்சு, பஸ்ஸும் கார்களும் ஆத்துல விழுந்து 59 பேர் செத்தாங்க. தூணுக்கு அடியில பல வருஷமா நடந்த மணல் அள்ளல் பெரிய காரணமா பேசப்பட்டுச்சு.

பாலம் விழுந்தா பேப்பர்ல வரும். பேப்பர்ல வராத சேதம் ஒண்ணு இருக்கு, வாய்க்கால் தலைப்பு. காவிரியிலேர்ந்து பிரியற பாசன வாய்க்கால்கள் எல்லாம் அந்தக் காலத்து ஆத்து மட்டத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டினது. ஆத்துத் தரை ஒரு ஆள் உயரம் எறங்கிட்டா, வாய்க்கால் வாசப்படி மேலயும் ஆத்துத் தண்ணி கீழயும் நிக்கும். ஆத்துல தண்ணி ஓடும், வாய்க்கால்ல ஏறாது. முன்னாடி கொஞ்சத் தண்ணி வந்தாலே பாஞ்ச வாய்க்காலுக்கு இப்ப வெள்ளம் வந்தாத்தான் பாசனம், இல்லன்னா குறுக்க கதவணை கட்டி மட்டத்த ஒசத்தணும். மணல வித்த காசையும் கதவணை கட்டற காசையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு யாராவது கணக்குப் பாத்தா நல்லாருக்கும்.

"அடுத்த வெள்ளத்துல மணல் வந்துடும்"

இதுதான் அடிக்கடி கேக்கற வாதம், பாதி உண்மைங்கறதால நல்லா எடுபடும். மணல் மலையில பாறை உடைஞ்சு, உருண்டு, தேஞ்சு, வெள்ளத்தோட வர்றது. அணை இல்லாத ஆத்துல ஓரளவுக்கு வருஷா வருஷம் வரும். ஆனா காவிரியில? மேட்டூர் அணை 1934லேர்ந்து நிக்குது. பருமணல் கனமானது, தண்ணி நின்ன ஒடனே அடியில படிஞ்சிடும், மதகு வழியா வெளிய வராது. மேட்டூருக்குக் கீழ சேர்ற பவானிக்கு பவானிசாகர், அமராவதிக்கு அமராவதி அணை, ரெண்டும் 1950கள்ல வந்தது. அப்போ கரூருக்குக் கெழக்க கெடக்கற மணல்ல பெரும்பகுதி நம்ம தாத்தா காலத்துக்கும் முந்தி ஆறு கொண்டாந்து போட்டது. வரவு ஏறக்குறைய நின்னு போன இருப்பு. அதப் போய் வருஷ வருமானம் மாதிரி செலவு பண்ணிட்டிருக்கோம்.

எடுக்கறதுக்கும் வர்றதுக்கும் உள்ள கணக்கப் பாக்கறதுக்குத்தான் ரீப்ளெனிஷ்மென்ட் ஸ்டடின்னு ஒண்ணு இருக்கு: மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ படுகையோட மட்டத்த அளந்து, எவ்வளவு மணல் புதுசா சேந்துச்சுன்னு பாக்கறது. சேந்ததுக்கு மேல எடுக்கக்கூடாது. யோசனை ரொம்ப எளிசு, அளந்தா நெறைய குவாரிக்கு வேலையே இருக்காது, அதுதான் சிக்கல்.

அனுமதி இருந்தா சரியாயிடுமா

சட்டத்துல மணல் சிறு கனிமம். 1957ம் வருஷக் கனிமச் சட்டப்படி இதுக்கு விதி போடற அதிகாரம் மாநில அரசுக்கு. தமிழ்நாட்டுல 2003லேர்ந்து ஆத்து மணல் குவாரிய அரசே எடுத்து நடத்துது, தனியார் குத்தகை இல்லன்னு ஆச்சு, ஆனா அள்றதும் ஏத்தறதும் காண்ட்ராக்ட்காரங்கதான். 2012ல சுப்ரீம் கோர்ட்டு, அஞ்சு ஹெக்டேருக்குக் கொறஞ்ச குவாரியா இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் ஆகணும்னு சொல்லிடுச்சு, அதுவரைக்கும் பெரிய குவாரிய சின்னச் சின்னதா பிரிச்சு தப்பிச்சிட்டிருந்தாங்க.

நடைமுறையில என்ன ஆகும்? ஒரு மீட்டர்னு பர்மிட், தோண்டறது அஞ்சு மீட்டர். ஒரு லோடுக்குன்னு கொடுக்கற ஒரே நடைச்சீட்டுல பல நடை. பள்ளம் நெரப்பறதுக்கு எடுக்கற சவுடு மண்ணுக்கு அனுமதி வாங்கிட்டு அடியில இருக்கற மணல எடுக்கறது. இதக் கேக்கற கடைநிலை அதிகாரிக்குப் பாதுகாப்பு எவ்வளவுன்னா, 2023 ஏப்ரல்ல தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு பக்கத்துல தாமிரபரணி மணல் கடத்தலப் பத்தி போலீஸ்ல புகார் கொடுத்த ஒரு விஏஓவ அவர் ஆபீசுக்குள்ளேயே வெட்டிக் கொன்னாங்க. அதே வருஷம் ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை ஆச்சு.

அதுக்காக பர்மிட் உள்ளதெல்லாம் நல்லது, இல்லாததெல்லாம் கெட்டதுன்னும் பிரிச்சிட முடியாது. மாட்டு வண்டியில மம்பட்டி புடிச்சு அள்றவர் சட்டத்துக்கு வெளிய இருப்பார், அவரால இடுப்பு ஆழத்துக்கு மேல போக முடியாது. பேப்பர் எல்லாம் சரியா வச்சிருக்கற பொக்லைன் ஒரு ராத்திரியில எடுக்கறத அவர் வருஷம் பூரா அள்ளினாலும் எடுக்க முடியாது. போலீஸ் புடிக்கற லிஸ்டப் பாத்தா மாட்டு வண்டிதான் அதிகமா கண்ணுல படும், மாடும் சேந்து ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்.

எம்-சாண்ட் வந்தா தீந்துதா

கருங்கல்ல க்ரஷர்ல போட்டு மணல் அளவுக்கு ஒடச்சா அது எம்-சாண்ட். கான்கிரீட்டுக்கு இது தாராளமா ஆகும், இந்தியத் தர நிர்ணயமே இத ஏத்துக்குது, பூச்சுக்கு இன்னும் நைஸா பி-சாண்ட். "ஆத்து மணல் மாதிரி வருமா"ன்னு மேஸ்திரிங்க சொல்றது பெரும்பாலும் கைப்பழக்கம், கழுவாத தூசி கலந்த மட்டமான எம்-சாண்டப் பாத்து பயந்ததும் உண்டு. பாலைவனத்துல எவ்வளவோ மணல் இருக்கே, அத கொண்டாரலாமேன்னு கேப்பாங்க, அது காத்துல உருண்டு உருண்டு கோலி மாதிரி வழுவழுன்னு ரொம்ப நைஸா ஆயிருக்கும், ஒண்ணோட ஒண்ணு கவ்விப் புடிக்காது. 2017ல மலேசியாலேர்ந்து கப்பல்ல மணல் தூத்துக்குடி துறைமுகத்துக்கே வந்து எறங்குச்சு, கேஸு கோர்ட்டுன்னு இழுத்துச்சு.

எம்-சாண்ட் ஆத்தக் காப்பாத்துது, அது நெசம். ஆனா மலைய ஒடைக்குது. வெடி வச்சா பக்கத்து வீட்டுச் செவுரு விரிசல் விடும், தூசி போய் பயிர் மேல படியும், ஆழமான குவாரிக் குழிக்கு சுத்துப்பட்டுக் கெணத்துத் தண்ணி வடியும். எது பரவாயில்லன்னு கேட்டா நான் எம்-சாண்ட் பக்கம்தான் நிப்பேன், ஒரு கல்குவாரியோட சேதம் பெரும்பாலும் அத சுத்தியே நிக்கும், ஆத்துல போட்ட பள்ளம் மேலயும் கீழயும் நடக்கும். உலக அளவுல மணலும் ஜல்லியும் சேந்து வருஷத்துக்கு சுமாரா 5,000 கோடி டன் செலவாகுதுன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2022ல சொல்லுச்சு, தண்ணிக்கு அடுத்தபடியா மனுஷன் அதிகமா பயன்படுத்தற பொருள் இதுதானாம். அவ்வளவுக்கும் எம்-சாண்டே போட்டா மலையும் தாங்காது, கட்டறதக் கொறைக்கிறதும் இடிச்ச கட்டடத்த ஒடச்சு திரும்பப் பயன்படுத்தறதும் பேச்சுல வந்தே ஆகணும்.

உங்க ஊர் ஆத்துல எப்படிப் பாக்கறது

ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், ஆறு வறண்டிருக்கும்போது பாலத்துக்கு அடியில எறங்கிப் பாருங்க. தூணுக்குக் கீழ பெரிய கான்கிரீட் கட்டையோ, அதுக்கும் கீழ வரிசையா தடித்தடி கம்பம் மாதிரியோ வெளிய தெரிஞ்சா, அதெல்லாம் ஒரு காலத்துல மணலுக்குள்ள பொதைஞ்சிருந்தது, அந்த அளவுக்குத் தரை எறங்கியிருக்கு. தூண் மேல நெறம் மாறின கோடு இருக்கும், அதுவும் பழைய மணல் மட்டத்தச் சொல்லும். பழைய படித்துறை இருந்தா கடைசிப் படி தரையத் தொடாம அந்தரத்துல நிக்குதான்னு பாருங்க. வாய்க்கால் பிரியற எடத்துல மதகோட அடிமட்டத்தையும் ஆத்துத் தரையையும் கண்ணாலயே ஒப்பிட்டுடலாம்.

அப்புறம் உங்க மாவட்ட வெப்சைட்டுல மாவட்ட ஆய்வறிக்கைன்னு ஒரு பிடிஎஃப் தேடிப் பாருங்க, எந்த ஆத்துல எவ்வளவு கனிமம் இருக்கு, எவ்வளவு எடுக்கலாம்னு மாவட்ட நிர்வாகமே போடற கணக்கு அது. அதுல வருஷா வருஷம் சேர்ற மணல்னு ஒரு எண் கொடுத்திருந்தா, எந்தத் தேதியில, எந்த எடத்துல அளந்ததுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லன்னா கிராமசபையில மனுவா எழுதிக் கேக்கலாம், ஆர்டிஐ போட்டும் கேக்கலாம்.